சிங்க்வே தெர்ரேயில் ஒரு வாரம்: வழிகாட்டியுடன் போகும் புகைப்படப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் வடமேற்கில், ஜெனோவாவுக்கும் பீசாவுக்கும் நடுவே, மலை அப்படியே கடலுக்குள் இறங்குகிற ஒரு கரை இருக்கிறது. லிகூரியா மாநிலத்தின் அந்தக் கரையில் ஐந்து சிற்றூர்கள் வரிசையாகத் தொற்றிக்கொண்டிருக்கின்றன: மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. சிங்க்வே தெர்ரே என்றால் ஐந்து நிலங்கள். முதல் ஊரிலிருந்து கடைசி ஊர் வரை கரையோரப் பாதையில் நடந்தால் 12 கிலோமீட்டர்தான் வரும். ரயிலில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சில நிமிடங்கள். 1997இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, 1999இல் இது தேசியப் பூங்கா ஆனது.

புகைப்படப் பயணம் என்பது, ஒரு புகைப்படக் கலைஞர் வழிகாட்டியாக வர, சிறு குழுவாக ஐந்து முதல் ஏழு நாள் ஒரே பகுதியில் தங்கிப் படம் எடுப்பது. அதிகாலையிலும் மாலையிலும் வெளியே, உச்சி வெயிலில் அறைக்குள் உட்கார்ந்து எடுத்த படங்களைப் பற்றிப் பேச்சு. நான் முதலில் இந்த ஊர்களுக்கு ஒரு சாதாரணச் சுற்றுலாக் குழுவோடு போனேன். காலை 11 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்பிவிட்டோம். நல்ல வெளிச்சம் வந்தபோது நாங்கள் பேருந்தில் இருந்தோம். அடுத்த முறை புகைப்படப் பயணமாகப் போனபோதுதான், அந்தப் பணத்துக்கு என்ன வாங்குகிறோம் என்று புரிந்தது. வாங்குவது காத்திருக்கும் நேரத்தை. ஒரே பாறையில் மூன்று மாலை நிற்க முடிவதை. கீழே சொல்லும் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே மாதம், அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. ஜூலை, ஆகஸ்ட்டை விட்டுவிடுங்கள். ஊருக்குள் கால் வைக்க இடமிருக்காது, வெயிலில் வானமும் வெளிறிப்போகும்.

எனக்கு இலையுதிர் காலம்தான் பிடிக்கும். காரணம் சூரியன் விழும் இடம். மே, ஜூனில் அது வடமேற்காகச் சாய்ந்து, மனரோலாவிலிருந்து பார்த்தால் மெஸ்கோ முனை இருக்கிற பக்கம், நிலத்துக்குப் பின்னால் மறையும். செப்டம்பர் கடைசியில் நேராகக் கடலில் விழும். அக்டோபர் நடுவில் சூரியன் மறைவது மாலை 6.40 வாக்கில், அதனால் படம் எடுத்து முடித்து நிதானமாகச் சாப்பிடலாம். மே நடுவில் அது 8.40, ஜூனில் 9 மணி தாண்டிவிடும். மறுநாள் விடியலுக்கும் எழ வேண்டுமென்றால் ஜூனில் தூக்கமே இருக்காது.

அக்டோபர் கடைசியை நெருங்க நெருங்க மழை அபாயம் கூடும். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் வெர்னாட்ஸாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன, உயிர்களும் போயின. கனமழை எச்சரிக்கை வந்தால் நடைபாதைகளை மூடிவிடுவார்கள். வழிகாட்டியிடம் கெஞ்சிப் பயனில்லை, கெஞ்சவும் கூடாது.

எந்தக் குழுவோடு போவது?

பயணத்தின் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. விளம்பரத்தில் இருக்கும் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மின்னஞ்சலில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? எட்டுதான் என் எல்லை. ரியோமஜோரே துறைமுகப் பாறைகளில் எட்டு ட்ரைபாட் வைத்தாலே ஒருவர் கால் இன்னொருவர் படத்தில் வரும். ஒரு தடவை பதினான்கு பேர் கொண்ட குழுவில் மாட்டிக்கொண்டேன். சூரியன் மறைகிற நேரத்தில் நான் எடுத்ததில் பாதி, முன்னால் நின்றவரின் தொப்பி. நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் அந்த மாலை திரும்பவில்லை.

எங்கே தங்க வைக்கிறார்கள்? ஊர்களுக்குள்ளேயா, பக்கத்திலுள்ள லா ஸ்பேட்ஸியா அல்லது லேவந்தோ நகரிலா? நகரில் அறை வசதியாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் விடியற்காலையில் முதல் ரயிலை நம்பி இருக்க வேண்டும். ஊருக்குள் தங்கினால் எழுந்து நடந்தால் போதும். நான் ஊருக்குள்தான் தங்கச் சொல்வேன், மனரோலாவிலோ வெர்னாட்ஸாவிலோ.

ஓர் இடத்துக்கு இரண்டாவது தடவை அழைத்துப் போவார்களா? ஏழு நாளில் பிளாரன்ஸ், பீசா, சிங்க்வே தெர்ரே, போர்த்தோஃபீனோ என்று அடுக்கியிருந்தால் அந்தத் திட்டத்தைத் தள்ளி வையுங்கள். முதல் நாள் மேகம் மூடினால் மறுபடி வர வழி இருக்க வேண்டும்.

வழிகாட்டி தன் படத்தை எடுப்பாரா, உங்கள் படத்தைப் பார்ப்பாரா? இதை நேரடியாகவே கேட்கலாம். நல்ல வழிகாட்டிகள், முக்கியமான வெளிச்ச நேரத்தில் கேமராவைப் பையில் வைத்துவிட்டு ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் வந்து நிற்பார்கள்.

அப்புறம் கட்டணத்தில் என்னென்ன சேர்த்தி என்பது. சாப்பாடு, ரயில் அட்டை, தனி அறைக்குக் கூடுதல் தொகை, விமான நிலையத்திலிருந்து வரும் செலவு, இவை நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விசா, டிக்கெட்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் 15 நாளை நம்பாதீர்கள். மூன்று மாதம் முன்பே நேர்காணல் தேதியைப் பிடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு, நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பயணம் நடத்துபவர்களிடம் தங்குமிடச் சான்றோடு கூடிய கடிதம் கேட்டு வாங்குங்கள்.

பீசாவிலோ ஜெனோவாவிலோ விமானம் இறங்கி ரயிலில் வருவது சுலபம். பீசாவிலிருந்து லா ஸ்பேட்ஸியாவுக்குச் சுமார் ஒரு மணி நேரம். லா ஸ்பேட்ஸியாவுக்கும் லேவந்தோவுக்கும் நடுவே ஓடும் உள்ளூர் ரயில்தான் ஐந்து ஊர்களையும் இணைக்கிறது. அந்த ரயிலுக்கும் கட்டணம் உள்ள நடைபாதைகளுக்கும் சேர்த்து ஒரே அட்டை உண்டு. குழுக் கட்டணத்தில் அது இல்லையென்றால் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

பையில் என்ன?

நீங்கள் கொண்டுபோகும் ஒவ்வொரு கிராமும் உங்களோடு படியேறப் போகிறது. கொர்னீலியா மட்டும் கடலிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே ரயில் நிலையம், மேலே ஊர், நடுவில் 380 படிக்கு மேல். சிறு பேருந்தும் ஓடுகிறது, அதற்கும் வரிசை இருக்கும். சக்கரம் வைத்த பெரிய பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, முதுகில் மாட்டும் பையோடு வாருங்கள்.

ஒரு கேமரா உடல், பொதுவான காட்சிகளுக்கு ஒரு 24-70 மி.மீ. லென்ஸ், தூரத்தை நெருக்கி எடுக்க ஒரு 70-200. இரண்டாவதை, திறப்பு சற்றுச் சிறிதான, எடை குறைந்த எஃப் 4 வகையில் கொண்டுபோனால் தோளுக்கு நல்லது. எதிர்க்குன்றில் அடுக்கடுக்காக இருக்கும் வீடுகளை நெருக்கி எடுக்க 70-200 இல்லாமல் முடியாது. ரியோமஜோரே துறைமுகம் குறுகலானது என்பதால், அகலமாகப் பிடிக்கும் 16-35 இருந்தால் உதவும். ஒரே ஒரு லென்ஸ்தான் முடியும் என்றால் 24-105.

ட்ரைபாட் கட்டாயம். கார்பன் ஃபைபரில், ஒன்றரைக் கிலோவுக்குள். வெளிச்சத்தைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), பளபளப்பை அடக்கும் போலரைசர் ஒன்று. லென்ஸ் துடைக்கும் துணி ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். உப்புச் சாரல் கண்ணுக்குத் தெரியாமல் லென்ஸில் படிந்து, விளக்குகளைச் சுற்றிப் புகை மாதிரி வரும். அதை இரவு கணினியில் பார்க்கும்போதுதான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. பத்துப் படத்துக்கு ஒரு முறை துடைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

கூடுதல் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். நம் ஊர் ஒல்லியான இரண்டு முள் சார்ஜர் அங்கே பொருந்தும், மூன்று முள் பொருந்தாது. ட்ரோனை எடுத்துப் போகாதீர்கள். தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. செருப்பும் அப்படித்தான். ரப்பர் செருப்போடு மலைப்பாதையில் நடந்தால் அபராதம், குறைந்தபட்சமே 50 யூரோ. பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மாலை: ரியோமஜோரே

முதல் மாலையை இங்கே வைப்பது நல்லது, ஏனென்றால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ரயிலடியின் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் இருக்கும். வெளியே வந்து துறைமுகத்துக்கு இறங்கினால், இரண்டு பக்கமும் உயரமான வீடுகள், காவி, ரோஜா, மஞ்சள், நடுவில் ஒரு சின்னக் கடல் துண்டு. துறைமுகத்தைத் தாண்டி இடதுபக்கப் பாறைகளுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். எல்லோரும் எடுக்கும் படம் அதுதான், நீங்களும் எடுங்கள், தப்பில்லை.

எடுத்து முடித்ததும் தெருவுக்குத் திரும்புங்கள். கடல் கொந்தளிக்கும் நாட்களில் மரப் படகுகளை இழுத்துத் தெருவிலேயே நிறுத்திவிடுவார்கள். வீட்டு வாசலில் நம் ஊரில் ஸ்கூட்டர் நிற்பதுபோல அங்கே படகு நிற்கும். ஒரு மாலை, நீலப் படகு ஒன்று பச்சைக் கதவுக்கு முன்னால் சாய்ந்திருந்தது. விளிம்பில் பெயின்ட் உரிந்து, அடியில் பழைய வெள்ளையும் அதற்கடியில் மரமும் தெரிந்தன. நனைந்த கயிறு ஒன்று அதிலிருந்து படிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அந்தக் கயிற்றோடு இருந்தேன். வழிகாட்டி வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பின்னாலிருந்த குப்பைத் தொட்டி மட்டும் படத்திலிருந்து போகும்படி என்னை அரை அடி நகர்த்திவிட்டுப் போனார்.

மனரோலா: இங்கே மூன்று மாலை

திட்டத்தில் ஒன்றே ஒன்று இருந்தாலும், நீங்களாகக் கேட்டு மூன்றாக்குங்கள். துறைமுகத்திலிருந்து வலதுபக்கம் போகும் பாதையில் சில நிமிடம் நடந்தால் பூந்தா பொன்ஃபீலியோ என்ற முனை வரும். அங்கிருந்து, பாறை மேல் ஊர் முழுவதும், கீழே மோதும் கடலும் ஒரே சட்டத்தில் கிடைக்கும்.

நம்மில் பலர் மெரினாவிலும் மகாபலிபுரத்திலும் படம் எடுத்துப் பழகியவர்கள். அங்கே சூரியன் கடலில் எழும், இங்கே கடலில் விழும். காலையில் மலை வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும், ஊர் நிழலில் கிடக்கும். அதனால் மனரோலா மாலைக்கான இடம். இன்னொன்று, சென்னையில் சூரியன் மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வானம் கறுத்துவிடும். இது 44ஆவது அட்சரேகை. அந்தி நம் ஊரைவிட நீளம், அரை மணி நேரத்துக்கு மேல் நீளும். பழக்கதோஷத்தில் சீக்கிரம் மூட்டை கட்டிவிடாதீர்கள். உண்மையான படம் மூட்டை கட்டும் நேரத்தில்தான் வருகிறது.

நேர வரிசை இப்படி. சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் முன்பே போய் இடம் பிடியுங்கள். ட்ரைபாடைக் கைப்பிடிக் கம்பியில் சாய்க்காதீர்கள். மற்றவர்கள் அதில் சாயும்போதெல்லாம் உங்கள் படம் ஆடும். லென்ஸின் அசைவுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். இரண்டு விநாடி டைமர் வையுங்கள்.

சூரியன் இருக்கும்போது ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, லென்ஸ் திறப்பு எஃப் 8. வீடுகளின் மேல் படும் வெளிச்சத்தை வைத்து எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, தீர்மானியுங்கள், வானத்தை வைத்து அல்ல. சந்தேகமிருந்தால் மூன்று படமாக, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் எடுத்துவிடுங்கள். கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பாகத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

சூரியன் மறைந்ததும் கூட்டம் பாதி கலையும். இப்போது என்டி ஃபில்டர் போடலாம். ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் பதினைந்தில் ஒரு விநாடி வருகிறதென்றால், ஆறு ஸ்டாப்பில் அது சுமார் நான்கு விநாடியாகும். முப்பது விநாடி வைத்தால் கடல் பஞ்சாகிவிடும். எனக்கு அது பிடிக்காது, அந்தப் பாறைகளில் அலை மோதித்தான் வெடிக்கிறது, அந்த வேகம் படத்தில் தெரிய வேண்டும். கால் விநாடியிலிருந்து ஒரு விநாடிக்குள், அலை பாறையிலிருந்து பின்வாங்கும் நொடியில் அழுத்துங்கள். வெள்ளைக் கோடுகள் கீழ்நோக்கி வழியும்.

அப்புறம் விளக்குகள் எரியத் தொடங்கும். தெருவிளக்கின் பிரகாசம் மாறாது, வானத்தின் வெளிச்சம் மட்டும் குறைந்துகொண்டே வரும். இரண்டும் சமமாகும் ஒரு பத்து நிமிடம் உண்டு. அதற்கு முன்னால் விளக்கு மங்கல், அதற்குப் பின்னால் வானம் கறுப்பு. அந்தப் பத்து நிமிடத்தில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஃப் 8இல் ஐந்து முதல் பதினைந்து விநாடி வரை, ஒவ்வொரு நிமிடமும் ஒரு படம் எடுத்துக்கொண்டே இருங்கள். எது சரியானது என்பது திரையில் பார்த்தால் தெரிந்துவிடும்.

மத்தியதரைக் கடலில் ஓதம் குறைவு. இங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் சுமார் முப்பது சென்டிமீட்டர்தான். அதனால் ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டாம், காற்றைப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் லிபேச்சோ காற்று வந்தால் அலை பயங்கரமாக எழும்பும். அன்றைக்குத் தாழ்வான பாறைகளில் இறங்கவே கூடாது, மேலிருந்து எடுங்கள். அந்த நாள் படம்தான் மற்றவர்களிடம் இருக்காது.

வெர்னாட்ஸா: காலையில்

வெர்னாட்ஸாவுக்கு விடியலில் போங்கள். மொந்தெரோஸ்ஸோ போகும் மலைப்பாதையில் பத்துப் பதினைந்து நிமிடம் ஏறித் திரும்பினால், துறைமுகம், அதன் ஓரத்தில் சாந்தா மர்கெரீத்தா தேவாலயம், மேலே தோரியா கோட்டைக் கோபுரம் என எல்லாம் கீழே விரியும். வெயில் படாத மென்மையான வெளிச்சத்தில் வீட்டு நிறங்கள் மாலையைவிட ஆழமாக இருக்கும். விளக்குகள் அணைவதற்கு முன் அங்கே நிற்க வேண்டும்.

எட்டு மணிக்குக் கீழே இறங்கிச் சதுக்கத்தில் காபி குடியுங்கள். கடைக்காரர் நாற்காலி போடுவார், ஒருவர் படகின் மேல் துணியை விலக்குவார், மேல்மாடியில் யாராவது துணி காயப்போடுவார்கள். மனிதர்களை எடுக்க நல்ல நேரம் இது. முதலில் "புவோன்ஜோர்னோ" சொல்லுங்கள், கேமராவைக் காட்டி "போஸ்ஸோ?" என்று கேளுங்கள். எடுக்கலாமா என்று பொருள். தலையசைத்தால் எடுங்கள். மறுத்தால் சிரித்துவிட்டு நகருங்கள். குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். பத்து மணிக்கு ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்குவார்கள், அதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

மலைப்பக்கம் ஒரு நாள்

பெரும்பாலான குழுக்கள் இதைத் தவறவிடுகின்றன, கேட்டு வாங்க வேண்டிய நாள் இது. கொர்னீலியாவிலிருந்து வொலாஸ்த்ரா வழியாக மனரோலாவுக்கு ஒரு மேட்டுப்பாதை இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களின் நடுவே, கடலைப் பார்த்தபடியே போகும். செங்குத்தான இந்த மலையில், சுண்ணாம்போ சிமென்டோ இல்லாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கி, பல நூற்றாண்டுகளாகப் படிப்படியாக நிலம் உண்டாக்கியிருக்கிறார்கள். இந்தக் கல்லடுக்கும் கலையை 2018இல் யுனெஸ்கோ தனிப் பாரம்பரியமாக அறிவித்தது. சுவர் சரிந்தால் நிலமும் சரியும். துறைமுகத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர், இந்த ஊர்களைத் தாங்கி நிற்பதைப் பார்க்காமலேயே போகிறார்.

பழம் இறக்குவதற்கு ஒற்றைத் தண்டவாளத்தில் சின்னப் பெட்டி வண்டி ஓடும். செப்டம்பர் அறுவடைக் காலத்தில் போனால் அது கூடைகளோடு இறங்குவதைப் பிடிக்கலாம். 70-200 லென்ஸுக்கு இதுதான் நாள்: சுவர்களின் வளைவுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. வெயில் சாய்வாகப் படும் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் கல்லின் மேடுபள்ளம் தெரியும். இங்கே விளையும் திராட்சையைக் காயவைத்துச் செய்யும் இனிப்பு ஒயினுக்குச் சக்கெத்ரா என்று பெயர்.

ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவிலுள்ள காதல் பாதை, 2012இல் பாறை சரிந்து மூடப்பட்டு, 2024இல்தான் திறந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குத் தனியாக நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும்.

மொந்தெரோஸ்ஸோவில் மணற்கடற்கரையும் குடைகளின் வரிசையும் எலுமிச்சைத் தோட்டங்களும் உண்டு. ஒரு காலைப்பொழுது போதும். ஒரு நாள் மீதமிருந்தால் போர்த்தோ வேனெரேக்குப் படகில் போங்கள். கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு பாறை நுனியில் நிற்கும் சான் பியேத்ரோ தேவாலயத்தைக் கடலிலிருந்து எடுக்கும்போது ஷட்டரை ஐந்நூறில் ஒரு விநாடியைவிட அதிக நேரம் திறந்து வைக்காதீர்கள், படகு ஆடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். ஃபொகாச்சா ரொட்டி, கடலை மாவில் செய்யும் ஃபரினாத்தா, துளசி இனத்து இலையில் அரைத்த பெஸ்தோ எல்லாம் இந்த மாநிலத்தின் சொந்தச் சாப்பாடு. மீன் சாப்பிடுபவர்கள் மொந்தெரோஸ்ஸோவின் நெத்திலியை விடாதீர்கள்.

நடுப்பகல் வகுப்பை வீணாக்காதீர்கள்

தினமும் மதியம் வழிகாட்டி படங்களைப் பார்ப்பார். நல்லவற்றை மட்டும் காட்டாதீர்கள். ஐந்து படம் கொடுங்கள், அதில் இரண்டு சரியாக வராதவையாக இருக்கட்டும். "ஏன் இது நிற்கவில்லை?" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள குறிப்பு அப்படி வந்ததுதான்: என் படங்கள் எல்லாவற்றிலும் அடிவானம் சட்டத்தின் நடுவிலேயே இருந்தது. ஐந்து வருடமாக அப்படி எடுத்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு இரவும் கார்டை இரண்டு இடத்தில் நகலெடுங்கள், கணினியில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று. டிஸ்க்கை வேறு பையில் வையுங்கள். பயணம் முடியும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

கடைசி இரவு, எடுத்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து பன்னிரண்டைப் பொறுக்குங்கள். ஒரே காட்சிக்கு ஒன்றுதான். அந்தப் பன்னிரண்டையும் ஊர் திரும்பிய முதல் மாதத்திலேயே பிரின்ட் போட்டுவிடுங்கள், 12க்கு 18 அங்குலத்தில், மேட் தாளில். தள்ளிப்போட்டால் அவை டிஸ்க்கிலேயே கிடக்கும். என் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பது மனரோலா அந்தி இல்லை. அந்த நீலப் படகும் சொட்டுகிற கயிறும்தான்.